பத்து வினாடிப் பூநாரை

தண்ணீரை விட்டு எழும்புவதற்கு முன் ஒரு பூநாரை எத்தனை அடி ஓடும் என்று கேட்டால், பதினொன்று என்பேன். எல்லாப் பறவையும் பதினொன்று ஓடாது. எட்டில் எழும்பியதையும் பதினாறு வரை ஓடியதையும் குறித்து வைத்திருக்கிறேன். நான் வரைந்த பறவை பதினொன்று ஓடியது. அந்தப் பதினோரு அடிக்கு முப்பத்தாறு படங்கள்.

திருவள்ளூரில் பெண்கள் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. இப்போது நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. என் கணவர் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் டைட்டில் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பேர், பாட்டு எழுதியவர் பேர் என்று வருகிறதே, அந்த அட்டைகளைப் படம் பிடிப்பது அவர் வேலை. கேமரா மேலே தொங்கிக்கொண்டு கீழே பார்க்கும். அட்டை மேசையில் படுத்திருக்கும். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பேசிக்கொள்ள நிறைய இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐந்து வயதிலேயே மதராசில் சித்தப்பாவின் துணிக்கடைக்கு வந்துவிட்டாராம். இன்னொருவர் எடுத்த படத்தில் பங்கு போட்டிருந்தார். இப்போது சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். என் கணவர் அவரைப் பாய் என்று கூப்பிட்டார். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

"கம்பெனிக்கு ஒரு சின்னம் வேணும் டீச்சரம்மா" என்றார் பாய். "படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால வர்ற சின்னம். அசையணும். சும்மா பொம்ம மாதிரி நிக்கக் கூடாது."

"சிங்கம் போடலாமா?" என்றார் என் கணவர்.

"பழவேற்காட்டுல சிங்கம் ஏதுபா? சாமி படமும் வேணாம். பிறையும் நட்சத்திரமும் வேணாம். எல்லா ஜனமும்தான் சினிமாக் கொட்டாய்க்கு வருது. எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். எங்க ஏரில பனிக்காலத்துல ஒரு பறவை வருமே, செவப்பா, நீட்டக் காலு."

"பூநாரை" என்றேன்.

"அதான். செவப்பு நல்லாத் தெரியணும்."

என் கணவர் சிரித்துவிட்டார். "பாய், நீங்க எடுக்கறது கறுப்பு வெள்ளப் படம்."

பாயும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். அதை அன்றைய குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

"மொதல்ல பழவேற்காட்டுக் கொட்டாய்ல போட்டுக் காட்டுவேன். எங்க ஜனம் பாத்துட்டு, 'இது நம்ம ஏரி'ன்னு ஒரு ஆளாவது சொல்லணும். சொன்னா, நான் படம் எடுக்கற வரைக்கும் அதான் மொதல்ல வரும். சொல்லலன்னா வருத்தப்படாதீங்க. ஒரு அட்டையில கம்பெனி பேர எழுதிக் காட்டிட்டுப் பூடுவேன்."

நான் சரி என்றேன். ஏன் அத்தனை சீக்கிரம் சரி என்றேன் என்று அவர் போன பிறகு என் கணவர் கேட்டார். பதினாறு வருடமாகக் கரும்பலகையில் வரைகிறேன். மணி அடித்ததும் அழிக்கிறேன் என்றேன். அழிக்காத படம் ஒன்று வரைய வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் டம்ளர்களை எடுத்துக் கழுவ வைத்தார்.

பொங்கல் விடுமுறையில் பழவேற்காடு போனோம். பாயின் உறவினர் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். நான் எதையும் பட்டியல் போட்டுச் செய்பவள். காலையில் பறவை, மாலையில் படகு என்று பிரித்துக்கொண்டேன். விடியும்போதே ஒரு படகில் எங்களை மணல்திட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து பறவைகள் கூப்பிடு தூரத்தில் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகு தலைகீழாக இருக்க, தண்ணீரை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. பத்து மணிக்குத் திரும்பினால் அந்த வீட்டுப் பெண்கள் சாப்பிடாமல் விடமாட்டார்கள். மீன் குழம்பும் இறால் வறுவலும் ஆன பிறகு கண் செருகும். நாலு மணிக்கு எழுந்துபோய், கரையில் உட்கார்ந்து, பாய் விரித்துத் திரும்பி வரும் படகுகளை வரைவேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மணி, வெளிச்சம், காற்று மூன்றையும் எழுதுவது என் வழக்கம். எழுதினேன். இரண்டு நாளில் அறுபத்தெட்டுப் பக்கங்கள்.

சின்னம் இப்படி வருவதாகத் திட்டம்: ஏரி, வலது ஓரம் தூரத்தில் ஒரு பாய்மரப் படகு, முன்னால் பூநாரை தலை கவிழ்ந்து நிற்கிறது, இரண்டு வினாடி. தலையைத் தூக்குகிறது, ஒன்றரை வினாடி. இடப்பக்கமாக ஓடுகிறது, மூன்று வினாடி. எழும்புகிறது, இரண்டு வினாடி. அது எழும்பிய இடத்தில் தண்ணீரில் விழுந்த வளையங்கள் விரிந்து கம்பெனியின் பெயராக மாறுகின்றன, ஒன்றரை வினாடி. கூட்டினால் பத்து. வினாடிக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றையும் கேமராவில் இரண்டு முறை எடுக்க வேண்டும். ஆக நூற்றிருபது படம். ஏரியும் படகும் அசையாதவை. அவற்றை ஒரே பலகையில் தீட்டிவிடலாம். பறவையைக் கண்ணாடி போன்ற தாளில் வரைந்து பலகை மேல் ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டும்.

கண்ணாடித் தாளுக்கு எங்கே போவது? ஸ்டூடியோவில் கிடைத்தது நாலே தாள். என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களை ஒரு கட்டு வாங்கிவந்தார். சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊற வைத்துத் தேய்த்தால் கறுப்பு உரிந்து வெறும் தாள் மிஞ்சும். கொல்லையில் துணிக்கொடியில் காயப்போட்டோம். பாதி கழுவிய தாள்களில் விலா எலும்பும் முழங்கையும் தெரியும்.

"டீச்சர் ஊட்டுல எலும்பு காயுதும்மா!" என்று பக்கத்து வீட்டுக்காரி தெருவுக்கே சொன்னாள். "துவைக்கறது மட்டும் ரெண்டு பேரும் சேந்து துவைக்கறாங்க!"

சில தாள்களில் நீலச் சாயல் இருந்தது. அவற்றைக் கலந்து வைத்தால் திரையில் வெளிச்சம் துடிக்கும் என்று என் கணவர் சொன்னார். அவற்றை ஒதுக்கினேன். மிஞ்சியவை நூற்று முப்பத்தொன்று. தாள்கள் நகராமல் இருக்க, திருப்பாச்சூர்த் தச்சர் ஒரு பலகையில் இரண்டு முளை வைத்துக் கொடுத்தார். அதே அளவில் ஒவ்வொரு தாளிலும் இரண்டு துளை போட்டேன். முளையில் மாட்டினால் நூற்றிருபது தாளும் ஒரே இடத்தில் உட்காரும். மயிரிழை நகராது.

பள்ளி விட்டு வந்து ஐந்தரையிலிருந்து எட்டு வரை வரைவேன். ஒரு நாளைக்கு மூன்று தாள். சில நாள் இரண்டு. பறவையை வெள்ளையாகத் தீட்டினேன். நிற்கும்போது முழுக்க வெள்ளை. சிறகை விரிக்கும்போதுதான் அடிப்பக்கத்துக் கறுப்பு தெரியும். சிவப்புக்குப் பதிலாக அந்தக் கறுப்பு போதும் என்று நினைத்தேன். அது என் நினைப்பு, பாயிடம் சொல்லவில்லை.

என் கணவர் ரயிலை விட்டு இறங்கி வந்து தினமும் கேட்பார்: "இன்னா டீச்சர், உன் பறவை இன்னிக்காவது தலையத் தூக்குமா?"

"தூக்கிடுச்சு. கழுத்து பாதி வந்திருக்கு."

"பாத்து. சுளுக்கிக்கப் போவுது."

ஓட்டத்துக்கு வந்தபோது எங்களுக்குள் ஒரு சண்டை. பூநாரையின் கால் நடுவில் பின்பக்கமாக மடங்கும். தாள்களை விரலால் தட்டி ஓட்டிப் பார்த்த என் கணவர், முட்டி திரும்பிப்போய்விட்டது என்றார். ஸ்டூடியோவிலும் நாலு பேர் அதையே சொன்னார்களாம்.

"கொட்டாய்ல சிரிப்பாங்க. மனுசன் முட்டி எந்தப் பக்கம் மடங்குது, இது எந்தப் பக்கம் மடங்குது?"

"இது மனுஷன் இல்லீங்க."

"எனக்குத் தெரியாதா? ஆனா ஜனம்..."

நான் குறிப்பேட்டை எடுத்துவந்து பத்தொன்பது பக்கங்களை விரித்துக் காட்டினேன். பத்தொன்பதிலும் பின்பக்கம்தான். அவர் பார்த்துவிட்டு, "சரி, உன் பறவை, உன் முட்டி" என்று சொல்லிக் கைகழுவப் போனார். அந்தச் சண்டையில் ஜெயித்தது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இனி இதில் தவறு இருக்க முடியாது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஏரிப் பலகையைத் தீட்டினேன். படகின் பாய் இடப்பக்கம் புடைத்து, பாய்மர உச்சியில் ஒரு சின்னக் கொடி இடப்பக்கம் பறந்தது. இடது மூலையில் கோரைப்புல். மாதிரிக்கு வைத்துக்கொண்டது என் குறிப்பேட்டின் நல்ல படகுப் பக்கம். அதைப் பார்த்து அப்படியே தீட்டினேன். என் கணவர் தாள்களையும் பலகையையும் எடுத்துப்போய் வேலை முடிந்த நேரங்களில் மூன்று நாளில் படம் பிடித்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை பழவேற்காட்டுக் கொட்டாயில் போட்டார்கள். பாயின் சொந்தப் படம் இன்னும் முடியவில்லை. அதனால் அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய சண்டைப் படத்தின் முதல் ரீலுக்கு முன்னால் எங்கள் பத்து வினாடியை ஒட்டினார்கள். நான் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தேன். நடுவில் இடுப்புயரத் தட்டி. அந்தப் பக்கம் பாயும் என் கணவரும். எனக்கு இடப்பக்கத்தில் ஒரு இறால்காரி, கூடையையும் உள்ளே கொண்டுவந்து மடியோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் கூட்டாளி. அவர்கள் ஏரிக்கு அக்கரைக் குப்பத்துக்காரிகள் என்பது பேச்சில் தெரிந்தது. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

விளக்கு அணைந்தது. ஏரி வந்தது. பறவை தலை கவிழ்ந்து நின்றது.

"ஏய், நம்ம..." என்று தொடங்கினாள் இறால்காரி. பறவை தலையைத் தூக்கியது. ஓடத் தொடங்கியது.

"அய்ய! இன்னாடி இது!" என்றாள். "காத்து எந்தப் பக்கம் அடிக்குது, இது எந்தப் பக்கம் ஓடுது?"

"காத்தோடவே ஓடுதுடி!"

"குப்புற வுழப் போவுது பாரு!"

"கள்ளு குட்ச்ச நாரைடி அது!"

தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் விசிலடித்தார்கள். ஒருவன், "தள்ளி வுடுங்கடா, ஏறாது!" என்று கத்தினான். கொட்டாய் முழுக்கச் சிரிப்பு. பறவை எழும்பியபோது கைதட்டினார்கள், விழாமல் தப்பித்ததற்காக. வளையங்கள் கம்பெனிப் பெயராக மாறியதை யாரும் படிக்கவில்லை.

இறால்காரி என் முகத்தைப் பார்த்தாள். "நீ இன்னாத்துக்கும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீறே? சிரி!"

நான் சிரித்தேன். உண்மையாகவே கொஞ்சம் சிரிப்பு வந்தது. முட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அங்கே புரொஜெக்டர் ஒன்றுதான். ஒவ்வொரு ரீலுக்கும் விளக்குப் போடுவார்கள். முதல் விளக்குக்கே பாய் தட்டியோரம் வந்து நின்றார். கோபம் இல்லை. கூடப் படித்த பையன் பரீட்சையில் தோற்றதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சிரிச்சிட்டாங்களே டீச்சரம்மா."

"சிரிச்சிட்டாங்க."

"காத்துன்றாங்க. எனக்கு இன்னா தெரியும்? எனக்குத் தெரிஞ்ச காத்தெல்லாம் கடையில ஃபேன் காத்துதான்." தட்டியைக் கையால் தடவினார். "பேர எழுதி ஒரு அட்ட போட்டுக்கலாம். நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா எங்க ஊர்லயே சிரிச்சாங்கன்னா..."

"இந்தப் படம் இங்க எத்தனை நாள் ஓடும்?" என்றேன்.

"இன்னும் பத்து நாளு ஓடும்."

"அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை போடுவீங்களா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார். "சரி" என்றார் பாய். "ஆனா அதான் கடைசி டீச்சரம்மா. அதுக்கடுத்த வாரம் என் படத்துக்குப் பிரிண்ட் போட்டாவணும்."

மறுநாள் காலை பொன்னேரியில், கும்மிடிப்பூண்டியிலிருந்து மதராஸ் போகும் வண்டியைப் பிடித்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பிரித்தேன். பறவை ஓடும் பக்கம். கீழே என் கையெழுத்து: காலை ஆறு ஐம்பது; இளவெயில்; காற்று மேற்கிலிருந்து, லேசாக. படகுப் பக்கத்தைப் பிரித்தேன். மாலை நாலு பத்து, பளிச்சென்ற வெயில், காற்று கிழக்கிலிருந்து, பலமாக.

காலையில் கரையிலிருந்து ஏரிக்கு வீசும் காற்று. மாலையில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று. பறவை எழும்பும்போது காற்றை எதிர்த்துத்தான் ஓடும். என் படத்தில் இடப்பக்கம் மேற்கு; பறவை மேற்குக் காற்றை எதிர்த்து மேற்கே ஓடியது. சரி. என் படகு கிழக்குக் காற்றில் பாய் புடைத்து மேற்கே வந்தது. அதுவும் சரி. காலையையும் மாலையையும் ஒரே சட்டத்துக்குள் நான் போட்டுவிட்டேன். காலையில் பறவை, மாலையில் படகு என்று அழகாகப் பட்டியல் போட்டது நான்தான்.

குறிப்பேட்டைக் கணவரிடம் நீட்டினேன். இரண்டு பக்கத்தையும் படித்தார். அதற்குள் மீஞ்சூர் வந்தது. மீஞ்சூர் அவருடைய ஊர். ஸ்டேஷனில் யாராவது தெரிந்தவர் ஏறினால் பேச வேண்டுமே என்று தலையைக் குனிந்துகொண்டார். வண்டி கிளம்பியதும் சொன்னார்:

"எழுதி வச்சவளே படிக்கலன்னா வேற யார் படிப்பாங்க டீச்சர்?"

குறிப்பேட்டை வாங்கி மூடினேன். அவரே தொடர்ந்தார். "ஒண்ணும் பேஜாரு இல்ல. தாளு எல்லாத்தையும் திருப்பிப் போட்டு எடுத்தா பறவை அந்தப் பக்கம் ஓடிடும்."

"கம்பெனிப் பெயரும் அதே தாள்லதான் இருக்கு. அதுவும் திரும்பிக்கும்."

"ஓ" என்றார். பிறகு, "பாய் கண்ணாடில பாத்துப் படிச்சிக்கட்டும்" என்றார்.

இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்ததில் எதிரே உட்கார்ந்திருந்த தயிர்க்காரர் விழித்துக்கொண்டார்.

பறவை நூற்றிருபது, படகு ஒன்று. படகைத்தான் மாற்ற வேண்டும். அன்று மாலையே புதுப் பலகை எடுத்தேன். இந்த முறை தூரிகையைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் படத்தில் காற்று தொடும் பொருள் எத்தனை என்று எழுதினேன். படகின் பாய். கொடி. தண்ணீரின் சிற்றலை. நான்காவதாகக் கோரைப்புல். மூலையில் கிடந்த அந்தப் புல்லை நான் மறந்தே போயிருந்தேன். அதுவும் முதல் பலகையில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதை விட்டிருந்தால் படகு ஒரு காற்றிலும் புல் இன்னொரு காற்றிலும் நின்றிருக்கும். நிழலையும் பார்த்தேன். காலை வெயில் கிழக்கிலிருந்து வர வேண்டும். படகின் நிழல் இடப்பக்கம் விழ வேண்டும். அதையும் மாற்றினேன். காலையில் பாய் விரித்துப் போகும் படகு என் குறிப்பேட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. மணல்திட்டுக்குப் போகும்போது ஓரத்தில் கிறுக்கியது, பெருவிரல் அளவு. அதைப் பெரிதாக்கினேன். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் பலகை முடிந்தது.

புதன்கிழமை பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு காற்றைத் திருப்ப வேண்டும் என்று சொல்ல முடியுமா? சொந்த வேலை என்றேன்.

ஸ்டூடியோவுக்குள் நான் போனது அதுவே முதல் தடவை. பெரிய அரங்கத்தில் அரண்மனை ஒன்று பாதி கட்டப்பட்டு நின்றது; பின்னால் போனால் வெறும் சாக்குத்துணியும் சட்டமும். என் கணவரின் அறை அதற்குப் பின்னால், எங்கள் வீட்டுச் சமையலறை அளவு. இரண்டு பெரிய விளக்குகளின் சூட்டில் வியர்த்துக் கொட்டியது. நான் தாளை முளையில் மாட்டுவேன், மேலே கண்ணாடியை இறக்குவேன், எண்ணைச் சொல்வேன். அவர் கைப்பிடியை இரண்டு முறை சுற்றுவார். நான் கண்ணாடியைத் தூக்குவேன்.

"நாப்பத்தி ரெண்டு."

"ஆச்சி."

"நாப்பத்தி மூணு. இருங்க, ஒரு ஈ."

"தலையிலயா, காலுலயா?"

"ஏரில."

"ஓட்டு. பழவேற்காட்டுல ஈ இருக்கும்தான், ஆனா அந்த சைஸுக்கு இருக்காது."

ஓட்டினேன். நூற்றிருபது முடிய நாலே கால் மணி நேரம் ஆயிற்று. திருமணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் வேலை செய்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் பேனாவைக்கூட வைத்த இடத்தில் வைக்காத மனிதர். அங்கே கைப்பிடியைக் கால் சுற்று அதிகமாகச் சுற்றமாட்டார். அதையும் குறித்துவைத்தேன். அவரிடம் காட்டவில்லை.

சனிக்கிழமை. அதே கொட்டாய், அதே மணல். இறால்காரியும் அவள் கூட்டாளியும் அதே இடத்தில் இருந்தார்கள். சண்டைப் படம் அவர்களுக்கு மூன்றாவது முறையாம். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். "வாம்மா. கள்ளு குட்ச்ச நாரையப் பாக்க வந்தியா?"

விளக்கு அணைந்தது. ஏரி. பாய் வலப்பக்கம் புடைத்த படகு. பறவை தலையைத் தூக்கியது. ஓடியது. நான் மனதுக்குள் அடிகளை எண்ணினேன். பதினொன்று. எழும்பியது. கறுப்பு விரிந்தது. வளையங்கள், பெயர்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவன் பீடி பற்றவைத்தான். சண்டைப் படம் தொடங்கிவிட்டது.

சிரிப்பைவிட அந்த அமைதி எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பாய் கேட்டது சிரிக்காமல் இருப்பதை அல்ல. 'இது நம்ம ஏரி' என்று ஒரு ஆள் சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. திரையில் இரண்டு பேர் கத்தியோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றிருபது தாளையும் திரும்பக் கழுவி வைத்தால் வேறு எதற்காவது ஆகுமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது இறால்காரி முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டு கூட்டாளியிடம் சொன்னாள்: "கரைக்காத்து பாத்தியா? எங்க ஊட்டுக்காரு கெளம்பற நேரம். அந்நேரத்துக்கு இன்னா குளிரு குளிரும்!"

"பெரிய எறா கெடைக்கும் அந்தக் காத்துக்கு" என்றாள் கூட்டாளி.

அவ்வளவுதான். பிறகு இருவரும் கத்திச்சண்டையைப் பார்த்தார்கள்.

விளக்குப் போட்டதும் பாய் தட்டியோரம் வந்தார். முகம் வாடியிருந்தது. "எவனும் சிரிக்கல டீச்சரம்மா. அது சரி. ஆனா எவனும் வாயே தொறக்கலியே."

"இந்த அம்மாவைக் கேளுங்க" என்றேன்.

பாய் தயங்கினார். பிறகு தட்டிக்கு மேலே குனிந்து இறால்காரியிடம் மரியாதையாகக் கேட்டார்: "ஏம்மா, படத்துக்கு முன்னால ஒரு ஏரி வந்துச்சே. அது எந்த ஏரி?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கைக்கடிகாரம்.

"எந்த ஏரியா? எந்த ஏரின்னு கேக்குது பாருடி!" என்று கூட்டாளியை இடித்தாள். "நீ எந்த ஊரு பாய்? மதறாஸா?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். என் கணவர் தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய் முதலில் திகைத்தார். அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இல்லம்மா, இந்த ஊருதான். இங்கியே பொறந்தவன்தான்."

"பொறந்தா போதுமா? காலைல எழுந்து வந்து பாரு. அதே மாறி இருக்கும்."

பாய் என் பக்கம் திரும்பி, "அட்ட வேணாம் டீச்சரம்மா. பறவையே இருக்கட்டும்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் பாய் எங்களுக்கு முன்பே எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்தார் என்று நாங்கள் தங்கிய உறவினர் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். அவர் அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை. நாஷ்டா சாப்பிடும்போது மட்டும், "குளிருதான்" என்றார்.

பாய் இதுவரை மூன்று படம் எடுத்திருக்கிறார். முதலாவது சுமாராக ஓடியது, இரண்டாவது ஓடவில்லை, மூன்றாவது இன்னும் ஓடுகிறது. மூன்றிலும் முதலில் வருவது பூநாரைதான். முதல் படம் திருவள்ளூருக்கு வந்தபோது நாங்கள் இருவரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு போனோம். விளக்கு அணைந்து பறவை வந்தபோது எனக்கு முன்னால் ஒரு குடும்பம் இடம் தேடி நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தும் சிறகின் நுனியும்தான். பக்கத்தில் யாரோ வேர்க்கடலை உடைத்தார்கள். காற்று எந்தப் பக்கம் என்று அங்கே ஒருவருக்கும் கவலை இல்லை.

பெயர் வந்து மறைந்ததும் என் கணவர் என் தோளைத் தட்டினார். "படம் முடிஞ்சிது டீச்சர். ஊட்டுக்குப் போலாமா?"

"உக்காருங்க" என்றேன். "பாட்டு இருக்காம்."

உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தோம். பாட்டு நன்றாக இருந்தது.